கரு கூடாத முட்டை

அம்மா இருந்த வரைக்கும் எங்கள் வீட்டுப் படியேறி முட்டை வந்ததில்லை. யாராவது பிறந்தநாள் கேக் கொண்டுவந்தால்கூட, "முட்டை போட்டதா, போடாததா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டைக் கையில் வாங்குவாள். முன்னறைச் சுவரில் வெள்ளை முக்காடிட்ட வள்ளலார் படம். அதன் கீழே ஒருநாளும் அணையாத விளக்கு. அம்பாசமுத்திரத்தை அடுத்த சின்ன ஊரில், வாய்க்கால் ஓடும் தெருவில், அதே வீட்டில் நான் இப்போது ஆறு பெட்டைக்கோழிகளும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். விளக்கும் எரிகிறது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாமா என்ற கேள்வியோடு நான்கு வருஷமாக இருக்கிறேன்.

தொடங்கியது பேத்தியால். ஆறு வயது முடிந்தபோது அவள் எடை 14 கிலோ. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் மற்றப் பிள்ளைகளுக்கு அவித்த முட்டை கொடுக்கும்போது, சைவப் பிள்ளை என்று இவளுக்கு வாழைப்பழம் கொடுத்தார்கள். டாக்டர் எடைச்சீட்டைப் பார்த்தார், என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், கொஞ்சம் தயங்கிவிட்டு, "தினம் ஒரு முட்டை கொடுத்துப் பாருங்கம்மா" என்றார். பருப்பும் பாலும் கொடுத்துச் சமாளிக்கலாமே என்று நான் சொன்னேன். அந்தப் பிள்ளைக்குப் பால் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாது. என் மகள் அன்றைக்கே கடையில் ஆறு முட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த வெள்ளை முட்டைகளைப் பார்த்ததும் எனக்கு நாமக்கல் ஞாபகம் வந்தது. வருஷங்களுக்கு முன் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, முட்டைக்கோழிப் பண்ணை ஒன்றைச் சுற்றிப் பார்த்தேன். கம்பிக் கூண்டுகள் வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டிய தூரம். ஒரு கோழிக்குக் கிடைத்த இடம் பரீட்சைத்தாள் அளவுகூட இருக்காது. சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது. முட்டை மட்டும் சரிவில் உருண்டு வெளியே வந்துகொண்டே இருந்தது. பொரித்த குஞ்சுகளில் சேவல்கள் எங்கே என்று கேட்டேன். முட்டைக்கோழி இனத்தில் சேவலுக்கு வேலை இல்லை, பொரிப்பகத்திலேயே பிரித்துவிடுவார்கள் என்றார்கள். பிரித்து என்ன செய்வார்கள் என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். உலகமெங்கும் பெரும்பாலும் முதல் நாளே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 ஜனவரி முதல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. நம் ஊர்த் திருவிழாக்களில் ரோஸும் பச்சையுமாகச் சாயம் ஏற்றி விற்கிறார்களே, அந்தக் குஞ்சுகள் அப்படிக் கழித்துவிடப்பட்ட சேவல்கள்தான்.

பிள்ளை முட்டை சாப்பிட்டே ஆகவேண்டும் என்றால், அந்தக் கோழியின் முகம் எனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

கொல்லையில் அம்மா காலத்து மாட்டுத் தொழுவம் காலியாகக் கிடந்தது. ஓட்டைச் சரிசெய்து, கீரி நுழையாதபடி பக்கங்களில் கம்பிவலை அடித்து, இரவில் அடைய மூங்கில் குறுக்குக் கட்டினோம். பக்கத்து வீட்டு மதினி பிறந்ததிலிருந்து கோழியோடு வாழ்கிறவர். அவர்தான் சந்தைக்குக் கூடவந்து சிறுவிடை ஜாதியில் ஐந்து விடைக்கோழிகளைப் பொறுக்கிக் கொடுத்தார். கம்பு, குருணை, மிஞ்சிய கீரைத்தண்டு, ஓட்டுக்கு வலு சேர்க்க இடித்த கிளிஞ்சல். சாணமும் சணல்சாக்கும் போட்டுப் பானையைக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் கரையான் ஏறியிருக்கும், அது குஞ்சுக்கு அமிர்தம் என்று சொல்லிக்கொடுத்ததும் மதினிதான். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் கோழிகளுக்குப் போடவைத்தேன். இதில் சோம்பல்பட்டால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். கோழி வளர்க்க நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முதல் முட்டை கார்த்திகை மாதத்தில் ஒரு காலை. செவலைக் கோழி தொழுவத்தின் மூலையில் அரைமணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து, வைக்கோலை அலகால் முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தது. எழுந்தபோது ஊருக்கே கேட்கும்படி கொக்கரித்தது. நான் எடுத்தேன். சூடாக இருந்தது. ஓட்டின் மேல் லேசான ஈரம், என் உள்ளங்கையிலேயே உலர்ந்தது. ஒரு பக்கத்தில் நூல்போல ரத்தக் கோடு. முதல் முட்டைக்கு அப்படி இருக்கும் என்று மதினி சொன்னார். அறுபது வயதில் அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக ஒரு முட்டையைக் கையில் பிடித்தேன்.

இது உயிரா, இல்லையா?

முப்பது வருஷம் தமிழாசிரியையாக இருந்தவள் நான். 'புலால் மறுத்தல்' அதிகாரத்தை எத்தனையோ வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். தின்கிறவனையும் விற்கிறவனையும் வள்ளுவர் ஒரே கயிற்றில் கட்டிப்போடும் இடத்தில் பிள்ளைகள் எப்போதும் அமைதியாகிவிடுவார்கள். ஆனால் அந்தப் பத்துக் குறளிலும் முட்டை என்ற சொல் இல்லை. சின்ன வயதில் தேவார வகுப்பில், உயிர்கள் நான்கு வழியாகப் பிறக்கும் என்று படித்தோம்: முட்டை, கருப்பை, வேர்வை, வித்து. பறவையை இருபிறப்பு உடையது என்று சொல்வதும் பழைய வழக்கம்தான். முட்டையாக ஒருமுறை, குஞ்சாக ஒருமுறை. அந்தக் கணக்கில், என் கையில் இருந்தது ஏற்கெனவே ஒருமுறை பிறந்துவிட்ட ஒன்று.

காந்தி வேறு மாதிரி யோசித்திருக்கிறார். 1942-ல் ஆகாகான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்தபோது அவர் எழுதிய உடல்நலம் பற்றிய சிறு நூலில் இந்தப் பேச்சு வருகிறது. சேவலோடு சேராத கோழியும் முட்டை இடும், அதிலிருந்து குஞ்சு வராது, ஆகவே பால் குடிக்கிறவர்கள் அந்த முட்டையை மறுக்கக் காரணம் இல்லை என்பது அவர் வாதம். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். நம் பேச்சில் அந்த முட்டைக்குக் கூமுட்டை என்று பெயர். எத்தனை நாள் அடைவைத்தாலும் பொரிக்காது. அப்படியானால் சேவல் இல்லாத கொல்லையில் கிடைப்பது எல்லாமே கூமுட்டை. உயிர் எடுக்கவில்லை, பாவம் இல்லை. அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று இதை மனசுக்குள் சொல்லியும் பார்த்தேன்.

அந்த ஆறுதல் மூன்று மாதம்கூட நிற்கவில்லை. மதினி வீட்டுச் சேவல் மதிலேறிக் குதித்துவிட்டது.

"அடைச்சு வைங்க மதினி" என்றேன்.

"சேவலை எப்படி டீச்சர் அடைச்சு வைக்க? உங்க கோழிய கூப்பிடுதுல்லா" என்றார்.

ஒருமுறை இணைந்தால் இரண்டு மூன்று வாரம் வரைக்கும் அந்தக் கோழி இடும் முட்டையில் கரு கூடலாம். ஓட்டை வெளியிலிருந்து பார்த்து ஒன்றும் தெரியாது. உடைத்தால்தான் தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டு, வெள்ளைக் கிண்ணத்தில் முட்டையை ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பார்ப்பேன். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி எல்லா முட்டையிலும் இருக்கும். ஒழுங்கில்லாத சின்னப் பொட்டாக இருந்தால் கரு கூடவில்லை. நடுவில் தெளிவும் சுற்றிலும் வெள்ளை வளையமுமாக இருந்தால் கூடியிருக்கிறது. வளையத்தின் அகலம் ஒரு மிளகு இருக்கும். பொட்டு என்றால் பேத்திக்கு, வளையம் என்றால் வாய்க்கால் ஓரத்து நாய்க்கு. இப்படி இரண்டு மாதம் நடத்தினேன். உடைத்த பிறகு வளையத்தைக் கண்டுபிடித்து யாருக்கு என்ன லாபம் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. கரு கூடியதை உடைத்தாயிற்று. பேத்தி சாப்பிடவில்லை என்பதைத் தவிர அங்கே காப்பாற்றப்பட்டது எதுவுமில்லை.

மாசி மாதம் செவலைக்கோழி அடைக்கு உட்கார்ந்தது. அடியில் முட்டை கிடையாது, எல்லாவற்றையும் நான் எடுத்துவிட்டேன். வெறும் வைக்கோலின் மேல் உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்து, கொர்ரென்று ஒரு சத்தம். நெஞ்சுப் பக்கத்து இறகைத் தானே பிடுங்கிப் போட்டிருந்தது, முட்டையில் நேராகத் தோல் படட்டும் என்று. அடியில் கையை விட்டால் காய்ச்சல்போலச் சுட்டது. நாளுக்கு ஒருமுறை எழுந்து ஓடிப்போய் நாலு மணி பொறுக்கி, தண்ணீர் குடித்து, திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். அடையைக் கலைக்க மதினி வழி சொன்னார்: தண்ணீரில் முக்கி எடுக்கலாம், இல்லாவிட்டால் அதன் இறகு ஒன்றையே மூக்குத் துளையில் குறுக்கே செருகலாம், நாலு நாளில் அடை கலைந்து திரும்பவும் முட்டைக்கு வந்துவிடும்.

இறகைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இடது கையால் தலையைப் பிடித்தபோது அதன் கண்ணின் மேல் உள்ளிமை ஒன்று பக்கவாட்டில் மெல்ல வந்து மூடித் திறந்தது. பால் கலந்த கண்ணாடிபோல. கோழி என்னைக் கொத்தவில்லை. அதன் உடம்பு முழுக்கக் கீழே இல்லாத ஏதோ ஒன்றின் மேல் கவனமாக இருந்தது. நான் இத்தனை நாளும் உயிரைத் தேடியது கிண்ணத்தில், ஒரு வளையத்துக்குள். அது என் இடது கைக்குள் துடித்துக்கொண்டிருந்தது. எடுக்கப்பட்ட முட்டையில் கரு இருந்ததா இல்லையா என்பது இந்தக் கோழிக்குத் தெரியாது. அதற்கு எல்லாமே குஞ்சுதான். இறகைக் கீழே போட்டுவிட்டேன்.

மதினி வீட்டிலிருந்து ஒன்பது முட்டை வாங்கி அடைவைத்தோம். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஆறில் சிவப்புச் சிலந்திபோல நரம்புகள் ஓடியிருந்தன. மூன்று கூமுட்டை. இருபதாம் நாள் ராத்திரி காதை வைத்துக் கேட்டேன். ஓடு இன்னும் விரிசல் விடவில்லை, உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு குரல். கோழி அடித்தொண்டையில் பதில் சொன்னது. இரண்டும் பேசிக்கொண்டன. மறுநாள் ஆறும் பொரித்தன.

அதில் ஒன்றைப் பருந்து தூக்கியது. நான் பஞ்சாரத்தைக் கவிழ்க்கத் தாமதித்த ஐந்து நிமிஷத்தில். மீதி ஐந்தில் மூன்று விடை, இரண்டு சேவல்.

எனக்கு உண்மையான கேள்வி வந்து நின்றது இந்த இரண்டு சேவல்களின் உருவத்தில்தான். ஐந்தாம் மாதம் இரண்டும் ஒன்றையொன்று ரத்தம் வரக் கொத்திக்கொண்டன. பெட்டைகளின் முதுகில் இறகே இல்லாமல் போயிற்று. எங்கள் கொல்லைக்கு ஒரு சேவலே அதிகம். ஊரில் சுடலைமாடசாமி கொடை வந்த நேரம், மதினி வந்து கேட்டார்: "கருஞ்சேவல தாங்க டீச்சர், சாமிக்கு நேந்திருக்கு. ரூவா தாரேன்."

எனக்குப் பலியில் நம்பிக்கை கிடையாது. 1950-லேயே போட்டு வைத்திருந்த உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-ல் கறாராக அமல்படுத்த உத்தரவு வந்தபோது, பள்ளிக்கூடத்தில் அதற்கு ஆதரவாகச் சத்தமாகப் பேசியவள் நான். அடுத்த வருஷமே அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். அதற்காக வருத்தப்பட்டவளும் நான்தான். மதினியிடம் முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. "சாமி முன்னால கழுத்தைப் பிடிக்கறவனுக்குக் கை நடுங்கும் டீச்சர். நானே பார்த்திருக்கேன். நடுங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கருஞ்சேவலைத் தென்காசிப் பக்கம் தம்பி மகன் தோட்டத்துக்கு அனுப்பினேன். நிறைய இடம் இருக்கிறது, ஓடித் திரியும் என்றான். சாக்கில் காற்றுக்கு ஓட்டை போட்டு, வழித்தீனியாகக் கம்பும் கட்டிக் கொடுத்தேன். அவனும் சைவம், எங்கள் குடும்பம்தானே என்று மனசுக்குத் தைரியம்.

அன்று சாயங்காலம் தொழுவத்தைக் கூட்டும்போது, கன்று கட்டும் முளைக்கம்பு கண்ணில் பட்டது. தரையோடு பதிந்து, கயிறு உராய்ந்த தடத்தோடு, இன்னும் அங்கேயே இருக்கிறது. அம்மா வளர்த்த பசு ஒவ்வொரு முறை காளைக்கன்று ஈனும்போதும், சில மாதம் கழித்து ஒரு தரகர் வந்து கூட்டிக்கொண்டு போவார். கன்று திரும்பித் திரும்பிப் பார்த்துக் கத்தும். அம்மா உள்ளே போய்விடுவாள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நாங்கள் அந்தப் பாலில்தான் வளர்ந்தோம். வள்ளலார் படத்துக்கு முன்னால் நிவேதனமும் அந்தப் பால்தான்.

அம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது. ஒரு எறும்பை மிதிக்காமல் நடந்தவள். ஆனால் அவள் கேட்காமல் விட்ட கேள்வியை நானும் கேட்காமல்தான் சாக்கைக் கட்டிக் கொடுத்தேன் என்பது அன்றைக்குப் புரிந்தது.

காந்தி சொன்ன உயிரில்லாத முட்டைக்குச் சேவல் இல்லாத கொல்லை வேண்டும். பொரிக்கிற குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவல். சேவலே இல்லாமல் ஒரு கொல்லை இருக்கிறது என்றால், அந்தப் பாதி வேறெங்கோ போய்விட்டது என்றுதான் அர்த்தம். மஞ்சள் கருவின் மேல் வளையம் விழாத சுத்தமான முட்டையை நான் தேடத் தேட, ஒரு சேவலுக்கு என் வீட்டில் இடம் இல்லாமல் போகிறது. இது தெரிந்த பிறகு என்னால் கிண்ணத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோக முடியவில்லை. மிச்சமிருந்த சேவலை வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு முட்டை பெரும்பாலானவற்றில் இப்போது வளையம் இருக்கும். இட்ட அன்றைக்கே எடுத்துவிடுகிறேன். அடைச்சூடு படாமல் அந்த வளையம் உயிராக வளராது. இருந்தாலும் வளர்ந்திருக்கக்கூடிய ஒன்றைத்தான் எடுக்கிறேன். தெரிந்தே எடுக்கிறேன்.

வள்ளலார் இதை ஒப்புக்கொள்வார் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. 1867-ல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் பசித்தவர்களுக்காக எரிகிறது. பசி தீர்ப்பதையே பூசையாகச் செய்தவர். அதே வடலூர் சபையின் வாசலில், புலையும் கொலையும் விட்டவர்களே உள்ளே வரவேண்டும் என்று எழுதியிருக்கிறது. பேத்தியின் பசியும் இந்தக் கோழியின் அடையும் ஒரே தராசில் வந்தால் அவர் என்ன சொல்வார்? பசிதான் முதலில் என்பாரா, எந்த உயிரின் மேலும் கைவைக்காதே என்பாரா? தெரியாமல்தான் விளக்கேற்றுகிறேன். நம் மதத்துக்கும் நம் சாப்பாட்டுக்கும் சைவம் என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்தே பக்தியை அளந்துவிடுகிறோம். காளத்தியில் கண்ணப்பர் கொடுத்த இறைச்சியை ஏற்றுக்கொண்ட சிவனைத்தான் கும்பிடுகிறோம் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

நான் இன்றைக்கும் முட்டை சாப்பிடுவதில்லை. அறுபது வருஷத்து நாக்கு, மாறாது. அதை என் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்வதை மட்டும் நிறுத்திவிட்டேன். எனக்கென்று சில ஏற்பாடுகள் வைத்திருக்கிறேன். வருஷத்தில் ஒரு கோழியாவது தன் அடையை முடிக்க விடுவேன். ஆனால் சேவல் குஞ்சு வந்தால் கடைசி வரை வைத்துக்கொள்ள இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எத்தனை முட்டை என்று தீர்மானிப்பேன். போன வருஷம் இரண்டே முட்டை வைத்தேன். இரண்டும் கூமுட்டை. செவலை இருபத்தைந்து நாள் உட்கார்ந்துவிட்டுத் தானாக எழுந்துபோயிற்று. அந்த இருபத்தைந்து நாளும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. முட்டை நின்றுபோன கோழிக்கும் தீனி குறையாது. ஆரம்பத்தில் வாங்கிய ஐந்தில் ஒன்றைக் கீரி கொண்டுபோயிற்று, ஒன்று முதுமையில் போன தை மாதம் செத்தது. முருங்கைக்கு அடியில் புதைத்தோம். பேத்தி எடை இப்போது 24 கிலோ.

செவலையால் மூங்கில் குறுக்கில் ஏற முடிவதில்லை. சாயங்காலம் மற்றவை ஏறி அடைந்த பிறகு, முளைக்கம்பின் பக்கத்தில் வந்து நிற்கும். தூக்கி மேலே வைத்தால் ராத்திரி விழுந்துவிடுகிறது. அதனால் அங்கேயே சாக்கு விரித்துக் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் தம்பி மகனுக்குப் போன் செய்தேன். இரண்டரை வருஷம் கேட்காமல் இருந்ததைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அத்தை, அது... அந்தத் தீபாவளிக்கு முன்னாலயே. தோட்டத்து ஆளுக கேட்டாக, கொடுத்துட்டேன்" என்றான். பிறகு அவசரமாக, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, "நம்ம வீட்டுல யாரும் தொடலை அத்தை" என்றான்.

"சரிப்பா" என்றேன். போனை வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனேன். செவலை இன்னும் சாக்குக்கு வரவில்லை, முருங்கைக்கு அடியில் நின்றிருந்தது. தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தேன். மேலே சேவல் ஒருமுறை சிறகை உதறிவிட்டு அடங்கியது.